எடை எந்தக் காலில் இருக்கிறது?

ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் சுற்றிக் கட்டிய லேசான போலி இரையை, அதாவது ஃப்ளையை, தடித்த லைனின் கனத்தால் விசிறி மீன் பிடிக்கும் தூண்டில் முறை) பழக வருகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் கையைப் பற்றித்தான். ராடை, அதாவது தூண்டில் கோலை, எப்படிப் பிடிப்பது, லைனை எப்படி விசிறுவது, கொடுவாவுக்கு எந்த நிறத்தில் ஃப்ளை கட்டுவது என்று வரிசையாகக் கேட்பார்கள். காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதி நேரம் நாம் தண்ணீருக்குள்தான் நிற்கிறோம். கண்ணுக்குத் தெரியாத தரை, ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர், இரண்டு கையிலும் வேலை. கைப்பழக்கம் வராவிட்டால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான். கால்பழக்கம் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் இதை முழுக்கக் காலைப் பற்றியே எழுதுகிறேன்.

சென்னையில் இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்பவர்களுக்கு: இடம் நிறையவே இருக்கிறது. ஈசிஆரில் முட்டுக்காடு உப்பங்கழி, அது கடலில் சேரும் கோவளம் முகத்துவாரம், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், இன்னும் மேலே பழவேற்காடு ஏரி. கொடுவா, செப்பிலி, பாரை, மடவை எல்லாம் இந்தத் தண்ணீரில் உண்டு. இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மேலே நீலகிரிக்குப் போனால் டிரவுட் மீன் இருக்கும் ஓடைகள்.

இந்த வித்தை வளர்ந்தது குளிர்நாட்டுக் கல்லாறுகளில். அங்கிருந்து வரும் வீடியோக்களில் சொல்லும் பாதுகாப்புப் பாடம் உருண்டைக் கல்லையும் குளிர்ந்த நீரையும் மனதில் வைத்தது. நம் ஊரில் காலுக்கடியில் இருப்பது சேறு, நகரும் மணல், கத்திபோன்ற சிப்பி ஓடு. தண்ணீரும் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஏறுகிறது, வற்றுகிறது. அந்தப் பாடத்தில் இல்லாத, நமக்கு வேண்டிய பாதியை நான் கற்றுக்கொண்டது முட்டுக்காட்டில் வீச்சுவலை போடுகிறவர்களைப் பார்த்துத்தான்.

ஒரு வீச்சுவலைக்காரரைப் பக்கத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். தொடையளவுத் தண்ணீர். நனைந்த வலையின் ஒரு மடிப்பு தோளில், இன்னொன்று முழங்கையில், ஈயக்குண்டு கோத்த ஓரம் பல்லிடுக்கில். இத்தனை சுமையோடு இடுப்பைத் திருப்பி வீசப்போகிறார். வீசுவதற்கு முன் இரண்டு குதிகாலையும் இடமும் வலமுமாக அசைத்து மணலுக்குள் ஒரு விரற்கடை இறக்கிக்கொள்கிறார். முழங்கால் லேசாக மடிந்திருக்கிறது. எடை முதலில் பின்காலுக்குப் போகிறது, வலை விரியும்போது முன்காலுக்கு வருகிறது, அது தண்ணீரில் விழும்போது நடுவுக்குத் திரும்பிவிடுகிறது. வலை விழுந்து முடியும்வரை பாதம் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. நடக்கும் வேலை தனி, வீசும் வேலை தனி. இரண்டையும் அவர் கலப்பதே இல்லை.

அவர்களில் ஒரு பெரியவர் நான் தண்ணீருக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கால தூக்கித் தூக்கி வெக்காத. தூக்கினன்னா ஒத்தக் கால்ல நிக்கற. தேச்சிகினே போ. திருக்க கெடந்தாலும் அதுவே ஓடிப்பூடும்.”

“சேறா இருந்தா என்னா பண்றதுண்ணா?”

“மொதல்ல கால வெச்சிப் பாரு. ஒடம்ப அப்பறம் வெய்யி.”

தண்ணீரில் நடப்பதன் அடிப்படை முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. தரையில் நடக்கும்போது காலை வைப்பதும் எடையை வைப்பதும் ஒரே நொடியில் நடந்துவிடுகிறது, நாம் கவனிப்பதே இல்லை. தண்ணீரில் இரண்டையும் பிரிக்க வேண்டும். எடை முழுவதும் பின்காலில் இருக்கும்போதே முன்பாதம் தரையை உரசிக்கொண்டு போய்த் தேடட்டும். கல்லா, குழியா, வழுக்கலா என்று விரலாலும் உள்ளங்காலாலும் தடவிப் பார்க்கட்டும். பிடிமானம் உறுதியான பிறகு மெதுவாக எடையை மாற்றலாம். உறுதியில்லை என்றால் காலை இழுத்துக்கொள்ளலாம், எதுவும் ஆகிவிடாது. முன்கால் வழுக்கினாலும் உடம்பு விழாது, ஏனென்றால் உடம்பு இன்னும் அங்கே போகவே இல்லை. இன்னொன்று, காலுக்குக் குறுக்கே கால் போடவே கூடாது. முன்கால் ஒரு அடி நகர்ந்தால் பின்கால் அதை ஒட்டி வந்து நிற்க வேண்டும், தாண்டிப் போகக் கூடாது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. எவ்வளவு ஆழம் போகலாம் என்ற முடிவு அதிலிருந்துதான் வருகிறது. ஓடும் நீர் காலைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. முழங்காலளவு நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டு காலிலும் சேர்த்து ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அதே இடத்தில் நொடிக்கு இரண்டு மீட்டர் என்றால் 24 கிலோ. இது கரையில் நின்று பார்த்தால் தெரியாது, இரண்டும் “கொஞ்சம் வேகமா ஓடுது” என்றுதான் தோன்றும்.

இன்னொரு பக்கம், ஆழம் கூடக்கூட நம் எடை குறைகிறது. இடுப்பளவு நீரில் நின்றால் பாதம் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி. 70 கிலோ ஆள் அங்கே 35 கிலோ ஆள்தான். மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். பாதத்தின் பிடிமானம் அது தாங்கும் எடையைப் பொறுத்தது. ஆக, ஆழத்துக்குப் போகப்போகத் தள்ளும் விசை ஏறுகிறது, பிடிமானம் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து நமக்கு எதிராகவே வேலை செய்கின்றன. முழங்காலில் தைரியமாக நின்ற ஆள் தொடைக்கு மேல் போனதும் தடுமாறுவது பயத்தால் அல்ல. ஓட்டம் இருந்தால் முழங்கால், ஓட்டமே இல்லாவிட்டால் தொடை என்று எனக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். எதிரே எவ்வளவு பெரிய கொடுவா புரண்டாலும் அதைத் தாண்டுவதில்லை. சென்னைத் தண்ணீரில் அதைத் தாண்டிப் போனால்தான் மீன் என்ற நிலையும் இல்லை. கொடுவா இரை தேடி முழங்காலளவுத் தண்ணீருக்கே வருகிறது.

ஓட்டத்துக்கு எதிரே நெஞ்சைக் காட்டி நிற்பது பலருக்கும் இயல்பாக வரும். பக்கவாட்டில் திரும்பி நிற்பதுதான் சரி. அப்போது ஒரு கால் இன்னொரு காலுக்கு மறைவாகிவிடும், தண்ணீர் தள்ளும் பரப்பு குறையும். முதுகை மட்டும் ஓட்டத்துக்குக் காட்டவே கூடாது. பின்னாலிருந்து தள்ளும் நீர் முழங்கால் மூட்டை மடக்கிவிடும், அப்புறம் நிமிரவே விடாது. அதிகம் போய்விட்டோம் என்று தோன்றினால் அவசரமாகத் திரும்பக் கூடாது. திரும்பும் அந்த அரைச் சுற்றில்தான் உடம்பின் முழு அகலமும் ஓட்டத்துக்கு முன் வருகிறது. வந்தபடியே பக்கவாட்டில் அடி அடியாகப் பின்வாங்க வேண்டும். ஓட்டத்தோடு சேர்ந்து இறங்கிப் போவது சுலபம், அதே வழியில் எதிர்த்து வருவது அப்படியில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு அடிக்கும் “இதில் திரும்பி வர முடியுமா” என்று கேட்டுக்கொண்டே போவேன்.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. காலடியில் ஓடும் நீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் நாம்தான் நகர்கிறோம் என்று மூளை நம்பத் தொடங்கும். தலை கிறுகிறுக்கும், உடம்பு தானாகச் சாயும். அசையாத எதையாவது பார்க்க வேண்டும். எதிர்க்கரைப் பனைமரமோ பாலத்தின் தூணோ போதும். தரையைப் பார்க்க வேண்டியபோது போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுப் பார்வையை உடனே உயர்த்திவிட வேண்டும். தரையைப் பார்க்கும் வேலை பெரும்பாலும் காலுடையது.

சேறு தனிக் கதை. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை வாங்கிவிடும். பழவேற்காட்டிலும் அப்படிப்பட்ட திட்டுகள் உண்டு. மாட்டிக்கொண்டவர் செய்யும் முதல் காரியம் ஒரு காலை ஓங்கி இழுப்பது. ஒரு காலை இழுக்க இன்னொரு காலை அழுத்த வேண்டும், அது இன்னும் கீழே போகும். பாதத்துக்கும் சேற்றுக்கும் நடுவே காற்றும் நீரும் புக வழியில்லாததால் அடியில் உறிஞ்சல் ஏற்படுகிறது. பலத்தை எவ்வளவு கூட்டினாலும் அது விடாது. குதிகாலை மெதுவாக முன்னும் பின்னுமாக அசைத்து ஓரத்தில் தண்ணீர் இறங்க இடம் கொடுத்தால் பிடி தளரும். அதற்குள் உடம்பைத் தாழ்த்தி, முழங்காலும் முன்காலெலும்பும் சேற்றில் படும்படி மண்டியிட்டு, எடையைப் பரப்பிவிட வேண்டும். பிறகு வந்த வழியிலேயே தவழ்ந்து வெளியே வரலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் நாள் முழுக்க இப்படித்தான் நகர்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இருப்பதுபோல உட்கார்ந்த நிலையில், இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி நகர்வார்கள். தண்ணீர் அங்கே இடுப்பளவுகூட இருக்காது. உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்குவதால் சேறு அவர்களை உள்வாங்குவதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத அறிவு அது. சிப்பி ஓட்டிலும் முள்ளிலும் கை கிழிந்து, மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறிச் சம்பாதித்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு இறங்கும் அதே தண்ணீர் அவர்களுக்குப் பிழைப்பு. அவர்கள் தடவிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் லைன் விசிறாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை.

இனி முகத்துவாரம். கோவளத்திலும் அடையாற்றிலும் கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு போகும். திறந்திருக்கும்போது தண்ணீர் வற்றும் நேரம்தான் பயங்கரம். கழி முழுவதிலும் நிறைந்த நீர் அந்த ஒரு குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும். அப்போது மணல் ஓரம் அடியில் அரிபட்டு மேலே கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், விளிம்பில் நின்றால் ஆளோடு சரியும். வாயின் விளிம்பிலிருந்து நாலு எட்டு உள்ளே தள்ளித்தான் நிற்பேன். ஏறும் நேரத்தில் வேறொரு சிக்கல். நாம் நிற்கும் மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் சத்தமில்லாமல் நிறைந்துவிடும். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கேட்டால் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் வரும்போது கணுக்காலளவு இருந்த பள்ளத்தில் ஒரு மீட்டரைக் கூட்டிப் பாருங்கள். அன்றைய நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு மொபைலில் அலாரம் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அலாரம் அடித்தால் கரையேற வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

கடலலையில் நின்று வீசுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மெரினாவில் சின்ன வயதில் நின்ற எல்லோருக்கும் நினைவிருக்கும், அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் கரைந்து போகும், உடம்பு பின்னால் சாயும். கணுக்கால் நீரிலேயே அப்படி. நம் கடற்கரை சட்டென்று ஆழம் இறங்கும், கரையோர இழுப்பும் அடிக்கடி இடம் மாறும். ஒவ்வொரு வருடமும் பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் போகும் உயிர்களில் பல முழங்கால் நனைக்கப் போனவர்களுடையவைதான். அலையில் வீச ஆசையிருந்தால் ஈரமணலில் நின்று வீசுங்கள்.

கம்பு இல்லாமல் ஓடும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த நகரத்தில் இதை விளக்கவே தேவையில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவு நீரில் வீட்டிலிருந்து வெளியேறியவர்கள் பலர் கையிலும் ஏதாவது ஒரு கம்பு இருந்தது. துடைப்பக்கட்டை, துணி காயவைக்கும் மூங்கில், ஒட்டடைக் கம்பு. ஒரு கை மதில் சுவரில், இன்னொரு கையில் கம்பு, முன்னால் பாதாளச் சாக்கடைக் குழி ஏதாவது திறந்துகிடக்கிறதா என்று தட்டித் தட்டித்தான் ஊரே நடந்தது. உப்பங்கழியிலும் அதே வேலைதான்.

நான் வைத்திருப்பது அக்குள் உயர மூங்கில். சவுக்குக் கம்பு உறுதியானது, ஆனால் கனம். மூங்கில் லேசு, கைவிட்டாலும் மிதக்கும். கணு இருக்கும் முனை கீழே வரும்படி வெட்டிக்கொண்டால் சேற்றில் அதிகம் புதையாது. மேல்முனையில் கயிறு கட்டி இடுப்பு பெல்ட்டோடு இணைத்தால் வீசும்போது விட்டுவிடலாம், பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். ஓட்டத்தில் கம்பைத் தண்ணீர் வரும் பக்கம் ஊன்ற வேண்டும். இரண்டு காலும் கம்புமாக மூன்று ஊன்றுகோல் ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர வேண்டும், மற்ற இரண்டும் தரையில் இருக்க வேண்டும். சிலம்பம் ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும். அங்கே கம்பைச் சுழற்றுவதற்கு முன்பே காலடி வரிசையைப் பழக்கிவிடுகிறார்கள். உடம்பைத் தாழ்த்தி வைப்பதும் எடையைக் காலுக்குக் கால் மாற்றுவதும் அவர்களுக்கு ஊறிய பழக்கம்.

ஃப்ளை ஃபிஷிங்குக்கே உரிய ஒரு தொல்லை லைன். மற்றத் தூண்டிலில் தங்கூஸ் ரீலுக்குள் சுருண்டுவிடும். இதில் கையால் இழுத்த தடிமனான லைன் நம்மைச் சுற்றித் தண்ணீரில் மிதக்கும், ஓட்டம் அதைக் கொண்டுபோய்க் காலில் சுற்றும். பெரிய மீன் ஓடும் நேரம் அது இறுகினால் ஆள் விழுவார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டி அதற்குள் லைனை விழவிட்டால் தீர்ந்தது. சமையலறையில் இருக்கும் அகலமான டப்பாவே போதும், அடியில் நாலு ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது.

மீன் மாட்டும் நிமிடத்தில்தான் கவனம் முழுவதும் போய்விடும். நாம் அதை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போவோம், அல்லது கையில் எடுக்க முன்னால் குனிவோம். இரண்டும் வேண்டாம். நின்ற இடத்தில் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்துக்கொண்டு மீனை நம்மிடம் வரவழைக்க வேண்டும். முடிந்தால் பக்கவாட்டில் கரையை நோக்கி நகர்ந்து, கணுக்காலளவு நீரில் அதைக் கையிலெடுக்கலாம்.

உடம்பைப் பழக்குவது பற்றி. அம்மா வீட்டில் ஒரு முறை வழுக்கி விழுந்த பிறகு, வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அவருக்குச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் இரண்டு கை, அப்புறம் ஒரு விரல், அப்புறம் கைவிட்டு. கூடவே நானும் செய்தேன், இன்றும் செய்கிறேன். நமக்கு நிலைகொடுப்பவை மூன்று: கண், உட்காது, பாதமும் மூட்டும் அனுப்பும் உணர்வு. தண்ணீரில் தரை தெரியாததால் கண் பாதி விடுப்பில் போய்விடும், பாரம் முழுவதும் பாதத்தின் மேல் விழும். அதனால் கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பழகுவதுதான் இதற்கு நேரான பயிற்சி. கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். பல் துலக்கும் நேரத்தில் ஒரு காலுக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது, கையூன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுவது, பெசன்ட் நகர் காய்ந்த மணலில் வெறுங்காலோடு நடப்பது, எல்லாம் நல்லது. விருட்சாசனம் தெரிந்தவர்கள் அதையே செய்யலாம்.

2022-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில் 51 முதல் 75 வயதுவரையான 1,702 பேரைப் பத்து வினாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களில் 5 சதவீதம் பேரால்தான் முடியவில்லை. எழுபதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் முடியவில்லை. நிலை தடுமாற்றம் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் நான் பார்த்ததில்லை. கரையில் பத்து வினாடி நிற்க முடியாதவர் ஓடும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

நம் ஊரில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று சர்க்கரை. பல வருடச் சர்க்கரை பாத நரம்பைத் தாக்கினால் உள்ளங்காலில் உணர்வு மங்கும். மேலே சொன்ன “கால் தேடிப் பார்க்கும்” வித்தை முழுவதும் அந்த உணர்வை நம்பியது. சிப்பி கிழித்தாலும் தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. என் கூட்டத்தில் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார், அருமையாக வீசுவார். அவருக்காக நாங்கள் படகு பிடிக்கிறோம். அதில் யாருக்கும் குறையில்லை.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. மே மாதத்தில் பத்து மணிக்குமேல் தண்ணீரில் நிற்கிறோம் என்ற குளிர்ச்சியில் தாகம் தெரியாது, நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றலாகத்தான் முதலில் தெரியும். இடி இடித்தால் உடனே வெளியேற வேண்டும். கையில் இருக்கும் கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கரையோர மின்கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடித்து நடப்பதும் ஆபத்து.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நீலகிரியில் டிரவுட் நிலைத்தது. மீன்வளத் துறை அனுமதி வாங்கித்தான் வீச வேண்டும். அங்கே தரை பாசி படிந்த கல். கல்லின் தலையில் கால் வைக்காமல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைக்க வேண்டும். ஆனால் கால் சிக்கும் அளவு இடுக்கில் நுழைக்கக் கூடாது. கம்பளி மாதிரி ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸ் பாசியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது நுண்பாசியை ஆறுவிட்டு ஆறு சுமந்து செல்கிறது என்று நியூசிலாந்து 2008-லேயே தடை செய்துவிட்டது. ஆணி பதித்த ரப்பர் அடியே நல்லது. அந்த ஓடைகள் பல குந்தா மின்திட்ட அணைகளோடு தொடர்புள்ளவை. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஓடையின் சத்தம் மாறினாலோ லைனைச் சுருட்டக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஓட்டத்தில் விழுந்துவிட்டால் ராடை விட்டுவிடுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வரும் கல்லைக் கால் தாங்கட்டும், தலை தாங்கக் கூடாது. கையால் துழாவிக் கரைப்பக்கம் சாய்வாகப் போக வேண்டும். ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் சிக்கும், தண்ணீர் முதுகை அழுத்தி முகத்தைக் கீழே தள்ளும். முழங்காலளவு நீருக்கு வந்து உட்கார முடிந்த பிறகு எழலாம். தண்ணீரில் இறங்க மார்புவரை போடும் ‘வேடர்’ (wader) என்ற நீர்புகா உடைக்குள் நீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. அது வீண் பயம், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. அமெரிக்கத் தூண்டில்காரர் லீ உல்ஃப் அதைப் போட்டுக்கொண்டே பாலத்திலிருந்து குதித்து நீந்தியே காட்டினார். கரையேறும்போதுதான் அது கனக்கும், அதற்காக இடுப்பில் இறுக்கமாக பெல்ட் கட்டுவார்கள். சென்னையில் அந்த உடை தேவையே இல்லை. சீக்கிரம் காயும் முழுக்கால்சட்டை, நாடா இறுக்கிய பழைய கேன்வாஸ் ஷூ, மேலே ஒரு லைஃப் ஜாக்கெட் போதும். செருப்பையும் கிராக்ஸையும் சேறு பிடுங்கிக்கொள்ளும்.

திருக்கை மீன் வால்முள்ளால் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்தால் வலி அடங்கும். வண்டியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும். சூட்டைக் குத்துபடாத ஆளின் கையால் பார்க்க வேண்டும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழித்தண்ணீரில் பட்ட எந்தக் காயமும், அது சின்னக் கீறலானாலும், நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மறுநாள் சிவந்து வீங்கினால் தாமதிக்கக் கூடாது. தனியாகப் போவதைத் தவிருங்கள், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மொபைலில் 108-உம் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-உம் இருக்கட்டும்.

மழைக்காலம் முழுவதும் நான் முகத்துவாரம் பக்கம் போவதில்லை. செம்பரம்பாக்கத்தில் உபரிநீர் திறந்தால் அடையாறும், பூண்டியில் திறந்தால் கொசஸ்தலையாறும் என்ன வேகத்தில் வரும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் கூடவே வரும். பொங்கல் கழிந்து தண்ணீர் தெளிந்த பிறகு போகும்போது, போன வருடம் நின்ற திட்டு அங்கே இருக்காது. பள்ளம் இருந்த இடத்தில் மேடு, மேட்டில் பள்ளம். முதல் நாள் ராடை வண்டியிலேயே வைத்துவிட்டு, மூங்கிலோடு மட்டும் இறங்கி, வற்றும் நேரத்தில் ஓரம் முழுவதும் தட்டிப் பார்த்து வருகிறேன். வீச்சுவலைக்காரர்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள், எந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். வீசுவது அடுத்த வாரம்.